‘இல்லை’ என்று எழுதுமுன்

 

உறையூருக்குப் பெருமைகள் பல. பழஞ்சோழரின் தலைநகர் என்பது ஒன்று. கடல் கடந்து பெயர் பெற்ற சுருட்டு மற்றொன்று. திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலையைக் கொண்டு உறையூரிலும் திருச்சிராப்பள்ளியின் பிற தெருக்களிலும் சுற்றப்பெற்ற சுருட்டு, ‘டிரிச்சினாப்போலி’ என்னும் பெயரோடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து வரை சென்றது. 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் புதினத்தில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைக் கண்டே அது டிரிச்சினாப்போலிச் சுருட்டின் சாம்பல் என்று துப்பறிவாளர் கூறுகிறார். ஆங்கிலத்தில் ‘செரூட்’ என வழங்கும் சொல்லும் தமிழின் ‘சுருட்டு’ என்பதன் திரிபே.

அந்தப் புகைக்குத் தன்னை ஒளித்துக்கொள்ளத் தெரியாது. சுருட்டுப் பிடிப்பவர் தெருமுனைக்கு வரும்போதே நாற்றம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். விரலில் கறை தெரியும். சாம்பல் உதிர்ந்து கிடக்கும். இன்று இளைஞர் சிலரின் சட்டைப்பையில் இருக்கும் மின்சிகரெட்டுக்கு, அவர்கள் ‘வேப்’ என்று சொல்லும் அந்தக் கருவிக்கு, இவை ஒன்றும் இல்லை. கணினியில் செருகும் பென்டிரைவ் அளவே அது இருக்கும். மின்கலத்தின் சூட்டில் நிக்கோட்டின் கலந்த நீர்மம் ஆவியாகும். புதினா மணமோ மாம்பழ மணமோ சற்றே தோன்றி மறையும். பெற்றோர் அறியார், உடன் பிறந்தாரும் அறியார். ஆனால் உடல் அறியும். ஒருநாள் ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் அறியும். அந்த நாளில் குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் சட்டத்தின் நிலை. தமிழ்நாடு அரசு 2018இல் மின்சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அதனை முழுச் சட்டமாக்கியது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் அனைத்தும் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தலுக்கும் ஆறு மாதம் வரை சிறையோ 50,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. இழுப்பதைத் தனிக் குற்றமாகச் சட்டம் எழுதவில்லை. ஆயினும் தடை செய்யப்பட்ட பொருள் என்னும் அச்சமே, அதனைப் பயன்படுத்துவோரை எல்லா இடத்திலும் வாய்மூடச் செய்கிறது. காப்பீட்டுப் படிவத்திலும் அப்படியே.

அடுத்து, காப்பீட்டின் கணக்கு. இன்ன வயதினர் ஆயிரவரில் ஓராண்டில் எத்தனை பேர் இறக்கக்கூடும் என்னும் பட்டியலை வைத்தே நிறுவனங்கள் பிரீமியத்தை வகுக்கின்றன. புகைப்பவர்க்கும் புகைக்காதவர்க்கும் இப்பட்டியல் வேறுபடுகிறது. புகையின் தீமை குறித்து அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை வெளியான 1964ஆம் ஆண்டிலேயே, ஸ்டேட் மியூச்சுவல் என்னும் அமெரிக்க நிறுவனம் புகைக்காதவர்க்குக் குறைந்த பிரீமியத்தில் பாலிசி வழங்கத் தொடங்கியது. இன்று இந்தியாவிலும், இறப்புக்கு மட்டும் காப்புத் தரும் டேர்ம் பாலிசிகளில் இரண்டு விகிதங்கள் உண்டு. புகைப்பவர்க்குரிய பிரீமியம் ஒன்றரை மடங்காவதும் உண்டு.

மின்சிகரெட்டில் புகையும் இல்லை, எரிதலும் இல்லை. பிறகு ஏன் அதனை இழுப்பவரைப் புகைப்பவர் வரிசையில் வைக்க வேண்டும் என்று இளைஞர் கேட்பர். நியாயமான கேள்விதான். விடை இரண்டு.

ஒன்று, காலம். ஹான் லிக் என்னும் சீன மருந்தாளர் இன்றைய மின்சிகரெட்டை உருவாக்கியது 2003இல். இருபது ஆண்டுகளைச் சற்றே கடந்த ஒரு பழக்கத்துக்கு, அறுபது வயதிலும் எழுபது வயதிலும் நேரும் இறப்புகளின் பட்டியல் எப்படிக் கிடைக்கும்? இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015இல், மின்சிகரெட் சாதாரணச் சிகரெட்டை விட ஏறத்தாழ 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என்ற மதிப்பீட்டை வெளியிட்டது. அந்நாட்டிலேயே பெரும்பாலான காப்பீட்டு நிறுவனங்கள் மின்சிகரெட் இழுப்பவரைப் புகைப்பவராகவே கொள்கின்றன; 12 மாதங்களாவது நிக்கோட்டினைத் தொடாதவரையே புகைக்காதவர் என ஏற்கின்றன. 2019இல் அமெரிக்காவில் இக்கருவிகளைப் பயன்படுத்தியோரிடையே நுரையீரல் நோய் பரவியது; 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டனர்; 68 பேர் இறந்தனர். பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளச்சரக்கே அதற்குக் காரணம் என்று பின்னர்க் கண்டறியப்பட்டது. எனினும், குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதை இழுப்பவரே அறியார் என்னும் உண்மை அதனால் வெளிப்பட்டது. விற்பனையே தடை செய்யப்பட்ட நாட்டில் இந்த அறியாமை இன்னும் மிகுதி.

மற்றொன்று, சோதனை. உடலுக்குள் சென்ற நிக்கோட்டினை ஈரல் ‘கோட்டினின்’ என்னும் பொருளாக மாற்றுகிறது. நிக்கோட்டின் சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து குறைந்துவிடும். கோட்டினின் சில நாள்கள் வரை சிறுநீரில் தங்கும். எல்.ஐ.சி.யின் டேர்ம் பாலிசிகளில் புகைக்காதவர்க்குரிய விகிதம் வேண்டுவோர் சிறுநீர்க் கோட்டினின் சோதனையில் தேற வேண்டும். பிற விண்ணப்பங்களுக்குப் புகைப்பவர் விகிதமே. இச்சோதனைக்கு நிக்கோட்டின் வந்த வழி தெரியாது. பீடியா, வெற்றிலையோடு போட்ட புகையிலையா, மின்சிகரெட்டா, பழக்கத்தை விடுவதற்காக மென்ற நிக்கோட்டின் சூயிங்கமா என்று அது பிரித்துச் சொல்லாது. ஹோம்ஸுக்குச் சாம்பல் சொன்ன செய்தியை இன்று கோட்டினின் சொல்கிறது.

சில நாள் விட்டிருந்தால் சோதனையில் தப்பலாமே என்று எண்ணுவோரும் உளர். சோதனையில் தப்பலாம், கேள்வியில் தப்ப முடியாது. படிவம் கேட்பது நேற்றைய நிலையை மட்டும் அன்று. புகையிலையை எவ்வடிவிலேனும் பயன்படுத்துவது உண்டா, முன்னர்ப் பயன்படுத்தியது உண்டா என்று அது கேட்கிறது. சில நிறுவனங்கள் நிக்கோட்டின், மின்சிகரெட் என்று பெயர் சுட்டியே கேட்கின்றன. மின்சிகரெட்டின் நிக்கோட்டினும் பெரும்பாலும் புகையிலையிலிருந்து எடுக்கப்படுவதே. ஆகவே ‘இது புகையிலை அன்று’ என்னும் சொல்லாடல் பின்னாளில் நிற்காது.

இந்தக் கேள்விக்கு விடை எழுதப்படும் முறையைத்தான் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் ஊன்றி நோக்க வேண்டும். திருவரங்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். தந்தைக்கு நெடுநாள் பழக்கமான முகவர் கூடத்தில் அமர்ந்து படிவத்தை நிரப்புகிறார்.

“சிகரெட், மது எல்லாம் இல்லைதானே, சார்?” என்று தலை நிமிராமலே கேட்கிறார் முகவர்.

“பொழுது சாய்ந்தால் உணவே கொள்ளாத வீடு இது. இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை” என்கிறார் தந்தை.

‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி விழுகிறது. “தம்பி, இங்கே ஒரு கையெழுத்துப் போடு” என்கிறார் தந்தை. மகன் ஒரு நொடி தயங்கிக் கையெழுத்திடுகிறான். தந்தை பொய் சொல்லவில்லை; முகவரும் பொய் எழுதவில்லை. ஆனால் படிவத்தில் பொய் ஏறிவிட்டது. கேள்வி கேட்கப்பட்டது ஒரு மனிதரைப் பற்றி. விடை தரப்பட்டதோ ஒரு குலத்தைப் பற்றி.

கையெழுத்திட்டவரே அதற்குப் பொறுப்பு. படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று கூறி விண்ணப்பதாரர் விலகிக்கொள்ள முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019இல் ஒரு தீர்ப்பில் தெளிவாக்கியது. 2020இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. பாலிசி எடுத்த அடுத்த மாதமே ஒருவர் இறந்தார். முன்பே மருத்துவமனையில் சிகிச்சை பெற்றதைப் படிவத்தில் சொல்லவில்லை. தாயின் கோரிக்கையை நிறுவனம் மறுத்தது செல்லும் என்று நீதிமன்றம் கூறியது. வழக்கின்போது கொடுக்கப்பட்டிருந்த தொகையை மட்டும், தாயின் முதுமை கருதித் திரும்பப் பெற வேண்டா என்றது. 2025இல், குடிப்பழக்கத்தை மறைத்து எல்.ஐ.சி.யின் மருத்துவப் பாலிசி எடுத்தவர் தொடர்பான வழக்கிலும் நிறுவனத்தின் மறுப்பே நிலைத்தது. மின்சிகரெட்டுக்கும் இவ்வழக்குகளுக்கும் பொதுவானது ஒன்றே: கேட்கப்பட்ட கேள்விக்கு மெய்யான விடை தரப்படாமை.

மறைக்கப்பட்ட பழக்கம் எப்படி வெளிவரும் என்று கேட்கலாம். பெரும்பாலும் நோயாளியின் வாய்மொழியாகவே வெளிவரும். மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்பவர், உயிர் பிழைக்க வேண்டுமே என்று மருத்துவரிடம் மெய்யைச் சொல்வார். ‘இரண்டு ஆண்டுகளாக மின்சிகரெட் பழக்கம்’ என்று நோயாளிக் குறிப்பில் ஒரு வரி ஏறும். பாலிசி தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் இறப்பு நேரின், நிறுவனம் அக்குறிப்புகளைக் கேட்டுப் பெற்று ஆராய்வது வழக்கம். மருத்துவரிடம் சொன்ன மெய், படிவத்தில் எழுதிய பொய்யைக் காட்டிக்கொடுக்கும். அப்போது விடை சொல்ல வேண்டியவர் உயிரோடு இருப்பதில்லை. மனைவியோ தாயோதான் நிற்பார்.

1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 45ஆம் பிரிவு இதற்கு ஓர் எல்லை வகுக்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாலிசி வழங்கிய நாள், காப்புத் தொடங்கிய நாள், நின்றுபோனதைப் புதுப்பித்த நாள், கூடுதல் காப்புச் சேர்த்த நாள் ஆகியவற்றுள் பிந்தியதிலிருந்து 3 ஆண்டுகள் கடந்துவிட்டால், நிறுவனம் எக்காரணம் கொண்டும் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. அதற்குள் மோசடி என்று நாட்டினால் காப்புத் தொகை கிடைக்காது. மோசடி நோக்கமின்றி முதன்மையான செய்தியை மறைத்தது என்றால், கட்டிய பிரீமியத்தை 90 நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். அச்செய்தி தெரிந்திருந்தால் பாலிசியே வழங்கியிருக்க மாட்டோம் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு பாலிசி தந்திருப்பார்களே என்று வாதிட இது குடும்பத்துக்கு இடமளிக்கிறது. மறுக்கப்பட்டவர், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆயினும் துக்க வீட்டிலிருந்து புறப்பட்டு வாதாடிப் பெறும் உரிமை அது.

மூன்று ஆண்டுகள் ஒளித்து வைத்தால் போதும் என்று இதனைப் படிப்பவர் தவறாகப் படிக்கிறார். கூற்றுவன் தவணை பார்ப்பதில்லை. ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். புகைக்காதவருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்றும், நிக்கோட்டின் பயன்படுத்துவோர்க்கு 15,000 ரூபாய் என்றும் கொண்டால், வேறுபாடு 5,000 ரூபாய். 30 ஆண்டுகளுக்கு 1,50,000 ரூபாய். இந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்த 1 கோடி ரூபாய்க் காப்பினைப் பணயம் வைப்பது எந்த வணிகர் குடும்பமும் செய்யாத வணிகம்.

ஆகவே செய்யத்தக்கவை சில. படிவத்தை அந்த இளைஞரே தம் கையால், தனியே அமர்ந்து நிரப்பட்டும். பெற்றோர் அருகிருந்து விடை சொல்ல வேண்டா. கோபமின்றிக் கேட்கும் முகம் வீட்டில் ஒன்றேனும் இருக்கட்டும். பாலிசி கைக்கு வந்தபின் 30 நாள்கள் மறுபரிசீலனைக் காலம் உண்டு. உடன் வரும் படிவ நகலை அதற்குள் வரி வரியாகப் படித்தல் வேண்டும். பிழையான விடை முன்பே ஏறியிருப்பின், உயிரோடிருக்கும்போதே நிறுவனத்துக்கு எழுதித் திருத்தக் கோரலாம். பாலிசி எடுத்தபின் பழக்கம் தொற்றியவர், நின்றுபோனதைப் புதுப்பிக்கும்போது புதிய உடல்நல உறுதிமொழியில் அதனைச் சொல்லியாக வேண்டும். பழக்கத்தை விட்டு ஓராண்டுக்கு மேல் ஆனவர், குறைந்த விகிதத்தில் புதிய பாலிசி கேட்டுப் பார்க்கலாம். விட விரும்புவோர்க்குத் தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356 உள்ளது. அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

அணுவிரதங்களுள் வாய்மையும் ஒன்று. ‘எங்கள் வீட்டில் இல்லை’ என்பது குடும்பத்தின் பெருமை. அப்பெருமையைக் காப்பதற்காக ஒரு பிள்ளை வாய்மூட நேர்ந்தால், அந்த வாய்மைக்கே குறை வந்துவிடும். மகன் தயங்கிய அந்த ஒரு நொடியில், “என்னப்பா, ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று தந்தை கேட்டிருந்தால், பிரீமியம் சற்று உயர்ந்திருக்கும், பாலிசி உறுதியாக நின்றிருக்கும், ஒருவேளை பழக்கமும் அன்றே விடத் தொடங்கியிருக்கும்.

விழா முடிந்து வீடு திரும்புவோர், பீரோவிலிருக்கும் பாலிசியை ஒருமுறை எடுத்துப் படிவ நகலைப் பாருங்கள். அதில் ‘இல்லை’ என்றிருக்கும் இடங்களை, அதற்கு உரியவரிடமே கேட்டு உறுதி செய்யுங்கள்.