படத்துக்குக் கீழே இரண்டு வரி

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளியில் இயற்கைக்கென்று ஓர் இதழ் நடத்துவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகள் மாதம் ஒருமுறை ஒரு காட்டுயிர் இதழ் கொண்டுவருகிறார்கள். கையெழுத்து இதழ்தான். இரண்டு ஏ4 தாள்களை நடுவில் மடித்தால் எட்டுப் பக்கம். படங்களை மட்டும் பிரிண்ட் எடுத்து ஒட்டுகிறோம். பெற்றோரின் செல்பேசியில் பிள்ளைகள் எடுக்கும் படங்கள் அவை.

இதழும் புகைப்படமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. 1963-இல் அங்கே ‘அனிமல்ஸ்’ என்றொரு இதழ் தொடங்கினார்கள். இன்று அதன் பெயர் ‘பிபிசி வைல்ட்லைஃப்’. அந்த இதழ் 1965-இல் வாசகர்களுக்கு ஒரு புகைப்படப் போட்டி வைத்தது. மூன்றே பிரிவுகள், வந்தவை சில நூறு படங்கள். அதுதான் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் போட்டியாக வளர்ந்திருக்கிறது. 17 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. 2021-இல் இளையோருக்கான முதன்மைப் பட்டம் பெங்களூரைச் சேர்ந்த 10 வயதுச் சிறுவனுக்குக் கிடைத்தது. அவன் எடுத்தது புலியும் இல்லை, யானையும் இல்லை. ஒரு பூங்காச் சுவரின் இடுக்கில் கூடாரம் போல வலை பின்னியிருந்த சிலந்தி. பின்னால் ஓர் ஆட்டோ கடந்து போக, அதன் நிறங்கள் வலைக்குப் பின்னணியாக விழுந்தன. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளின் மனம் அந்த ஆட்டோவில்தான் நிற்கிறது. ஆட்டோ எங்கள் தெருவிலும் போகிறது. சிலந்தி எங்கள் சுவரிலும் இருக்கிறது.

நம் நாட்டில் 1981-இல் பிட்டு சாகல் ‘சாங்ச்சுவரி’ இதழைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் சிறுவர்களுக்கென்றே ‘கப்’ இதழும் வந்தது. இரண்டும் ஆங்கிலம். நம் பிள்ளைகளின் கைக்கு எட்டுவது கடினம். தமிழில் ச. முகமது அலி ஆசிரியராக இருந்து நடத்திய ‘காட்டுயிர்’ இதழ் கிடைத்தால் பழைய பிரதியானாலும் பள்ளி நூலகத்துக்கு வாங்கி வையுங்கள். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ம. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலும் இருக்கட்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் இந்தக் கிருஷ்ணன். 1950 முதல் 1996-இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென ஒரு கருவியைத் தானே அமைத்துக்கொண்டார். ‘நல்ல போன் இல்லை டீச்சர்’ என்று வரும் பிள்ளையிடம் நான் சொல்லும் கதை இது.

இதழ்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. எதை எடுத்தாலும் அட்டையில் புலி. மண்புழுவுக்கு அட்டைப்படம் கிடைத்து நான் பார்த்ததில்லை. அதனால் எங்கள் இதழுக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம்: பள்ளியிலிருந்து நடந்து போய்த் திரும்பும் தூரத்துக்குள் எடுத்த படமாக இருக்க வேண்டும்.

இன்னொரு நிபந்தனைதான் இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் இரண்டு வரி எழுத வேண்டும். முதல் வரியில் என்ன உயிர், எங்கே, எந்தத் தேதி, என்ன செய்துகொண்டிருந்தது. இரண்டாம் வரியில் படத்தை எப்படி எடுத்தாய்.

இரண்டாம் வரி ஏன் என்று கேட்பீர்கள். சற்றுமுன் சொன்ன அதே உலகப் போட்டியில் 2009-இல் முதல் பரிசு பெற்ற படம், இரவில் ஓர் ஓநாய் மரக்கதவைத் தாண்டிக் குதிப்பது. அற்புதமான படம். ஆனால் அது காட்டு ஓநாய் அல்ல, பழக்கப்பட்ட ஓநாயாகவே இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்தார்கள். படம் எடுத்தவர் மறுத்தார். ஆனாலும் 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இதை எட்டாம் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “படம் நல்லாத்தானே டீச்சர் இருக்கு? அப்புறம் என்ன?” அந்தக் கேள்வியிலேயே ஒரு பாடவேளை போயிற்று. போனது நல்லதுதான்.

அதே வகுப்பில் ஒரு மாணவன். படிப்பில் பெயர் வாங்காதவன். அண்ணனின் போனில் ஒரு படம் எடுத்து வந்தான். கொண்டைக்குருவிக் கூடு, உள்ளே மூன்று குஞ்சுகள், மூன்றும் வாயைப் பிளந்துகொண்டு. வகுப்பே கைதட்டியது. அவனுக்கு வகுப்பில் கிடைத்த முதல் கைதட்டல் அது. எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. கொண்டைக்குருவி புதருக்குள் மறைவாகக் கூடு கட்டும். இந்தப் படத்திலோ குறுக்கே ஓர் இலைகூட இல்லை. கேட்டேன். “மறைச்சுது டீச்சர், ஒடிச்சிட்டேன்” என்றான். ஒளிக்காமல் சொன்னான்.

இதழின் ஆசிரியர் குழுவில் நான்கு பிள்ளைகள். அட்டையில் போடலாம் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். நான் தடுக்கவில்லை. ‘கூட்டை மறைத்த கிளைகளை ஒடித்துவிட்டு எடுத்த படம்’ என்று இரண்டாம் வரியையும் சேர்த்துப் போடுங்கள் என்றேன். குழு இரண்டாகப் பிரிந்தது. அந்த வரி இல்லாமல் போடலாம் என்றார்கள் இருவர். வரி இல்லாமல் எங்கள் இதழில் படம் வராது என்றார்கள் மற்ற இருவர். கடைசியில் படம் வரவில்லை.

அன்று மாலையே அவனும் நானும் போய் ஒடித்த கிளைகளைக் கூட்டுக்கு மேல் சணலால் கட்டிவிட்டு வந்தோம். தூரத்தில் நின்று பார்த்தபோது தாய் திரும்பி வந்தது. இரண்டு நாளில் கூடு காலி. பறந்து போயினவா, காகம் எடுத்ததா, யாரும் பார்க்கவில்லை. குஞ்சுகளுக்கு இறகு சரியாக முளைத்திருக்கவில்லை என்பது மட்டும் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும்.

இங்கே சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். பிள்ளைகளை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆசிரியர்களாகிய நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று பல காட்டுயிர் இதழ்களும் போட்டிகளும் கூட்டிலிருக்கும் பறவையின் படத்தை ஏற்பதில்லை. கேமரா நின்ற இடம் மனிதருக்குப் பழகுவது போலவே காகத்துக்கும் பூனைக்கும் பழகிவிடுகிறது.

அப்படியானால் எதைத்தான் எடுப்பது என்றார்கள் பிள்ளைகள். நார் கவ்விப் போகும் பறவையைத் தள்ளி நின்று எடுக்கலாம். குஞ்சுகள் போன பிறகு கூட்டை எடுக்கலாம். அதைவிட, போன் கேமராவுக்குத் தூரத்துப் பறவை ஏற்றதும் அல்ல. பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகிவிடும். சிலந்தி, எறும்புச் சாரை, சேற்றில் பதிந்த கால்தடம், மரப்பட்டை, இலையைத் தின்ற புழு, இவற்றில்தான் போன் நன்றாக வேலை செய்யும். ஒலியை ஓடவிட்டுப் பறவையை வரவழைப்பதும், இரவில் ஆந்தை முகத்தில் ஃபிளாஷ் அடிப்பதும், பாம்புடன் செல்ஃபியும் எங்கள் இதழில் கிடையாது.

அந்த மாணவன் இரண்டு மாதம் இதழ்ப் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. மூன்றாம் மாதம் ஒரு பல்லியின் படத்தோடு வந்தான். பள்ளி வராந்தா டியூப்லைட்டுக்கு அருகில், வாயில் ஒரு விட்டில். கீழே இரண்டாம் வரியில் எழுதியிருந்தான்: ‘லைட்டை நான் போடவில்லை. ஏற்கெனவே எரிந்தது.’

தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். பள்ளி வளாகத்திலேயே 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எழுதினால் போதும், ஒரு பட்டியல் ஆகிவிடும். முதல் இதழுக்கு அதுவே இரண்டு பக்கம். நன்றாக வரும் படைப்புகளைத் துறையின் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களுக்கு அனுப்புங்கள். போன் இல்லாத பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். அவர்கள்தான் கால்களை எண்ணிப் பார்க்கிறார்கள்.

எங்கள் இதழின் சில பிரதிகளைப் பின் மேசையில் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வண்டின் படத்துக்குக் கீழே பெயருக்குப் பதில் கேள்விக்குறி இருக்கும். மூன்று வாரமாகத் தேடுகிறோம். தெரிந்தவர்கள் பென்சிலால் எழுதிவிட்டுப் போங்கள்.