மூடுபனியில் ஓடுபாதை
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

விமான விபத்து என்றதும் எல்லோரும் வானத்தைத்தான் நினைக்கிறோம். தரையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2014 அக்டோபர் 20, நள்ளிரவு நெருங்கும் நேரம். மாஸ்கோவின் வ்னுகோவோ விமான நிலையம். மூடுபனியில் பார்வை தூரம் 350 மீட்டர்தான். புறப்பட ஓடிய சிறிய ஜெட் விமானம், ஓடுபாதைக்குள் வந்துவிட்ட ஒரு பனி அள்ளும் வண்டியில் மோதியது. டோட்டால் எண்ணெய் நிறுவனத் தலைவர் கிறிஸ்டோஃப் டி மார்ஜெரியும் விமான ஊழியர் மூவரும் இறந்தார்கள். பிழைத்த வண்டி ஓட்டுநர், "திசை தெரியவில்லை, ஓடுபாதைக்குள் நுழைந்ததையே கவனிக்கவில்லை" என்ற பொருளில் விசாரணையில் சொன்னார்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் ஓடும் விமானம் விநாடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர் கடக்கும். 350 மீட்டருக்கு 5 விநாடி. அதற்குள் விமானி என்ன செய்ய முடியும்? ஆகவே வண்டியை ஓடுபாதைக்கு வெளியிலேயே நிறுத்தியாகணும்.

பனி விழாத ஊருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். போகியன்று புகையும் மூட்டமும் சேர்ந்து சென்னையில் விமானங்கள் தாமதமானதை நாம் பார்த்திருக்கிறோமே!

முதல் வேலை, மூட்டம் வந்ததும் அவசியமில்லாத வண்டிகளை வெளியேற்றி, பராமரிப்புப் பணிகளை நிறுத்துவது. அடுத்தது விளக்குகள். டாக்சிவே ஓரத்தில் நீலம், ஓடுபாதை ஓரத்தில் வெள்ளை. ஓடுபாதைக்குள் நுழையும் இடத்தில் தரையில் குறுக்காகச் சிவப்பு விளக்கு வரிசை. இதற்கு ஸ்டாப் பார் என்று பெயர். டவர் அனுமதி கொடுத்து அணைத்தால்தான் தாண்டலாம். வயர்லெஸ்ஸில் "போகலாம்" என்று காதில் விழுந்திருந்தாலும், சிவப்பு எரிந்தால் நின்று மறுபடி கேட்கணும்.

மூன்றாவது, வண்டியில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டர். வண்டி இருக்கும் இடம் டவர் திரையில் தெரியும்; ஆபத்து என்றால் எச்சரிக்கை வரும். ஆனால் இதில் ஒரு குறை உண்டு. டவரில் இருப்பவர் அதைக் கவனித்து, வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, ஓட்டுநர் புரிந்துகொள்வதற்குள் அந்த 5 விநாடி போய்விடும். முதலில் தெரிய வேண்டியவர் ஓட்டுநர்தான். அதனால் அவர் கண் முன்னாலேயே வரைபடத் திரையும், ஓடுபாதையை நெருங்கினால் அலறும் மணியும் வேண்டும். இந்தக் கருவிகள் இன்று கிடைக்கின்றன.

கடைசியாக, செலவே இல்லாத ஒன்று. வழி தவறிய ஓட்டுநர் உடனே "வழி தெரியலை" என்று டவருக்குச் சொல்லணும். சொன்னால் மெமோ வரும் என்று பயந்தால், அவரே தட்டுத் தடுமாறித் தேடுவார். அந்தத் தேடல்தான் அவரை ஓடுபாதையில் கொண்டுபோய் விடும். சொன்னவரைத் தண்டிக்காத நிர்வாகமும் ஒரு பாதுகாப்புக் கருவிதான்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் எந்த அமைப்பை வடிவமைத்தாலும், "தவறு செய்கிறவருக்கு அது அந்தக் கணமே தெரியுமா?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.