குளத்து மீனுக்கு எந்த எண்ணெய்?



கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய லம்பங்கள் பல இன்று மீன் குட்டைகள். பத்துகாஜா, தஞ்சோங் துவாலாங் பக்கம் போனால் பார்க்கலாம். தோட்டத்தை விட்டு வெளியேறிய நம்மவர்களில் சிலரும் வீட்டோரம் குளம் வெட்டித் திலாப்பியாவும் கெலியும் விட்டிருக்கிறார்கள். அவர்கள் என்னைக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, சால்மனுக்குப் போடுகிற மீன் எண்ணெய்த் தீவனம் போட்டால் நம்ம மீன் சீக்கிரம் பெருக்குமா?"

பெருக்காது. காசுதான் கரையும்.

மீனுக்கு நம்மைப் போல் தனி உடம்புச் சூடு கிடையாது. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. குளிர்சாதனப் பெட்டியில் நெய்யையும் நல்லெண்ணெயையும் வைத்துப் பாருங்கள். நெய் இறுகிவிடும், நல்லெண்ணெய் இறுகாது. மீனின் உயிரணுச் சவ்விலும் கொழுப்பு இருக்கிறது. நார்வேக் குளிர்கடலில் அது இறுகாதிருக்க, சால்மனுக்கு ஒமேகா-3 நிறைய வேண்டும். நம் குளம் 28, 30 டிகிரி. திலாப்பியாவுக்கு அதுதான் சுகம். 20-க்குக் கீழே போனால் தீனியே குறைந்துவிடும். அதற்கு முக்கியமாக வேண்டியது ஒமேகா-6. அது தாவர எண்ணெயிலேயே கிடைக்கும்.

ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது வேலையும் வீடும் இழந்தவர்கள் நம்மில் பலர். அந்தச் செம்பனை எண்ணெய்தான் இங்கே கைகொடுக்கிறது! பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இங் விங் கியோங் குழுவினர் மீன் எண்ணெய்க்குப் பதில் செம்பனை எண்ணெய் கலந்து திலாப்பியாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி குறையவில்லை. குளிர்நீர் மீனுக்கு இது அவ்வளவு சரிப்படாது. குளிர் கூடக்கூட அந்தக் கொழுப்பு செரிப்பது குறையும்.

ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது. அப்படி வளர்ந்த மீனின் சதையில் ஒமேகா-3 குறைவு. பிள்ளைகளின் நன்மைக்கென்று மீன் வாங்குகிறவர்களுக்கு இது முக்கியம். பிடிப்பதற்கு முந்திய சில வாரங்கள் மட்டும் மீன் எண்ணெய்த் தீவனம் கொடுத்தால் பெரும்பாலும் ஈடுகட்டலாம்.

சூட்டுக்கு வருகிறேன். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் 7.6தான். இரவெல்லாம் பாசியும் மீனும் அதைச் செலவழிப்பதால் விடியற்காலையில் குளம் மூச்சுத் திணறும். அப்போது தீனி போடாதீர்கள். தின்றதைச் செரிக்கவும் பிராணவாயு வேண்டும். வெயில் ஏறட்டும்.

சூடு தீவனத்தையும் கெடுக்கும். நானே ஒரு முறை மலிவென்று பழைய தீவனம் இருபது மூட்டை வாங்கித் தகரக் கொட்டகையில் அடுக்கினேன். ஒரு மாதத்தில் சிக்கு வாடை. வீணாக்க மனமில்லாமல் போட்டேன். மீன் இளைத்து, அறுத்துப் பார்த்தால் ஈரல் வெளுத்திருந்தது. பாதிக் குளம் போயிற்று. என் மனைவி இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள்! காறிப்போன எண்ணெய் உடம்பிலுள்ள வைட்டமின் ஈ-யைத் தின்றுவிடும். மீன் எண்ணெய் சீக்கிரம் காறும், செம்பனை எண்ணெய் தாங்கும். எதுவானாலும் மூட்டையைப் பலகை மேல், நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் சேர்க்க வேண்டாம்.

கோழிக்குடல் போடலாமா என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். கெலி ஆவலாகத் தின்னும்தான், அம்மா. ஆனால் வயிறெல்லாம் கொழுப்பு கட்டும், மிச்சம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். விட்டுவிடுங்கள்.