துப்பாக்கியைத் திருத்துவோனின் பொறுப்பு



துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். அதனை ஒருவன் மாற்றியமைத்தால், விளையும் கேட்டுக்கு யார் பொறுப்பு என வினவுவோர் சிலரே. குழலின் உட்துளையை அகலப்படுத்துகின்றனர், விசையை இலகுவாக்குகின்றனர். வேலை முடிந்த பின்னர் துப்பாக்கி பார்வைக்கு முன்போலவே இருக்கும். அதன் வலிமை முன்போல் இருக்கின்றதா என்பதைக் கண் சொல்லாது; சோதனையே சொல்லும்.

1837 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லாங்றிட்ஜ் எதிர் லெவி என்னும் வழக்குத் தீர்க்கப்பட்டது. புகழ்பெற்ற நொக் என்பவர் செய்தது, பழுதற்றது எனப் பொய்கூறி விற்கப்பட்ட துப்பாக்கி வெடித்துச் சிதறிற்று. வாங்கியவர் தந்தை, கையை இழந்தவர் மகன். மகனோடு தமக்கு ஒப்பந்தம் இல்லை என்ற விற்பனையாளரின் வாதம் எடுபடவில்லை. ஆயினும், பொய்யுரையே அத்தீர்ப்பின் அடிப்படையாயிற்று. பொய்கூறாது கவனக்குறைவாக வேலை செய்தவனுக்கு அத்தீர்ப்பு எட்டவில்லை.

அவ்வழி அடைபட ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது. 1932 இல் டொனோகு எதிர் ஸ்டீவன்சன் வழக்கு, உற்பத்தியாளன் முன்பின் அறியாத நுகர்வோனுக்கும் கடமைப்பட்டவன் என்றது. 1941 இல் ஹேசல்டைன் எதிர் டோ வழக்கு, மின்தூக்கியைப் பழுதுபார்த்தவர்கள்மீதும் அக்கடமையைச் சுமத்திற்று. மின்தூக்கிக்குப் பொருந்தும் நீதி துப்பாக்கிக்குப் பொருந்தாதோ?

ஆனால், நட்ட ஈடு கையைத் திருப்பித் தராது. ஆகவேதான் சோதனைச் சட்டம் வேண்டப்படுகின்றது. பேர்மிங்காம் நகரின் துப்பாக்கிச் சோதனைச் சாலை 1813 ஆம் ஆண்டுப் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. வழக்கமான அளவிலும் மிகுந்த அழுத்தம் தரும் தோட்டாவை அங்கே வெடித்துப் பார்ப்பர். தாங்கி நின்ற குழலுக்கே முத்திரை இடுவர். 1868 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் திருத்தங்களும் சோதிக்கப்படாத துப்பாக்கியை விற்பதைக் குற்றமாக்கின. மாற்றத்தால் குழல் வலிமை குன்றுமாயின் பழைய முத்திரை செல்லாது. மீண்டும் சோதித்தே விற்கலாம்.

இங்கே ஓர் இடைவெளியை நோக்குங்கள். அச்சட்டம் விற்பனையையும் கைமாற்றத்தையுமே முதன்மையாகக் கட்டுப்படுத்துகின்றது. தன் துப்பாக்கியைத் திருத்துவித்துத் தன் வீட்டிலேயே வைத்திருப்பவனை அது சோதனைச் சாலைக்கு அனுப்புவதில்லை. அவன் வீட்டு மகனின் கை மட்டும் மலிவானதோ?

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, விற்பனைக்கு முன் இத்தகைய சோதனையைக் கட்டாயமாக்கும் கூட்டாட்சிச் சட்டமே இல்லை. 1926 இல் அமைந்த உற்பத்தியாளர் கழகத்தின் அளவுகோல்கள் விரும்பிக் கைக்கொள்ளப்படுவனவே. எல்லாம் வழக்கிலேயே முடிகின்றன. அங்கு 1965 இல் வெளிவந்த சட்டக் கோவை, பொருள் கணிசமான மாற்றமின்றி நுகர்வோனை அடைந்தாலே விற்றவன் கண்டிப்பான பொறுப்புக்கு உள்ளாவான் என்றது. ஆகவே, இடையில் எவனோ திருத்தினான் என்பதே உற்பத்தியாளனுக்குக் கேடயமாகின்றது. றெமிங்ரன் நிறுவனத்தின் துப்பாக்கிகள் விசையை இழுக்காமலே வெடித்தன எனப் பலர் வழக்காடினர். நிறுவனம் குறையை மறுத்தது. ஈற்றில், ஏறக்குறைய 75 இலட்சம் துப்பாக்கிகளைத் தழுவிய இணக்கத்தீர்வை 2017 இல் நீதிமன்று அங்கீகரித்தது. அதற்குள் உயிர்கள் போயின.

நண்பர்களே, செய்தவன் திருத்தியவனைக் காட்டுகின்றான். திருத்தியவன் செய்தவனைக் காட்டுகின்றான். காயமுற்றவன் இருவர் வாயிலிலும் நிற்கின்றான். இந்நிலை மாறவேண்டுமாயின் சட்டம் இரண்டு கடமைகளை விதித்தல் வேண்டும். குழலின் வலிமையையோ விசையின் இயக்கத்தையோ மாற்றுவோன், துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்குமுன் தகுந்த சோதனைக்கு உட்படுத்தல் வேண்டும். தான் மாற்றியது எதுவென எழுதிக் கையொப்பமிடவும் வேண்டும். நேர்மையான கைவினைஞனுக்கு அக்கையொப்பம் சுமையன்று, அரண். அதனை இட அஞ்சுபவன் அத்துப்பாக்கியைத் தொடாதிருத்தலே நன்று.