டப்ளின் நகரில் ஒரு குளிர்கால இசைக் கூடுகை

(ஏழை நோயாளர் நிதிக்காக டிசம்பர் மாதத்தில் நடைபெற்ற இசை மாலையில், பாடல்கள் தொடங்குமுன் மருத்துவமனைச் சாப்ளின் அளித்த உரை)



இந்த மாலைக்கு அழைப்பு அனுப்பியபோது, சிலர் எங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். "காணிக்கை என்று கேட்டாலே கொடுப்போமே, டிக்கெட் அச்சடித்துக் கச்சேரி வைத்துத்தான் ஏழைகளுக்குப் பணம் சேர்க்க வேண்டுமா?" என்று அன்போடுதான் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. வேதபாடம் நடத்திப் பதில் சொல்லலாம். ஆனால் பாடகர்களை வெகுநேரம் காக்க வைப்பது நல்லதல்ல. ஆகையால் ஒரு சரித்திரத்தை மாத்திரம் சொல்ல விரும்புகிறோம்.

அயர்லாந்து தேசத்தில் 1739 டிசம்பர் இறுதியில் ஒரு கடுங்குளிர் தொடங்கியது. ஆறுகள் உறைந்தன. ஏழைகளின் உணவாகிய உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே கெட்டுப்போயிற்று. அதன்பின் மழையும் பொய்த்தது. பஞ்சத்தின் பின்னாலேயே காய்ச்சலும் சீதபேதியும் வந்தன. குறைந்தது 3 லட்சம் பேராவது மாண்டிருப்பார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் கணிக்கிறார்கள். 1741ஆம் ஆண்டை "சங்கார வருஷம்" என்றே அந்நாட்டார் அழைத்தார்கள்.

அந்த வருஷத்தின் நவம்பர் 18ஆம் தேதி டப்ளின் துறைமுகத்தில் வந்து இறங்கினார் இசைமேதை ஹாண்டல். அப்போது அவருக்கு வயது 56. நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் தாக்கி வலது கை செயலிழந்து, பின் சுகம் பெற்றவர் அவர். (பக்கவாதம் வந்த கைக்குத் தினமும் பயிற்சி கொடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளும் நம் வார்டு நண்பர்களுக்கு இதை அடிக்கடி சொல்லுவோம்.) லண்டனில் 24 நாட்களில் எழுதி முடித்த "மேசியா" என்னும் இசைப் படைப்பு அவர் பெட்டியில் இருந்தது. அதுவரை எவரும் அதைக் கேட்டதில்லை.

டப்ளினில் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று நமக்கு முக்கியம். அங்கே 1734ல் மேரி மெர்சர் என்ற சீமாட்டி கொடுத்த வீட்டில் ஒரு தர்ம மருத்துவமனை நடந்துவந்தது. 1736 முதல் அதற்கு நிதி திரட்ட ஆலயத்தில் இசை ஆராதனை வைப்பது வழக்கம். 1741 டிசம்பர் 10ஆம் தேதி, வட்ட வடிவாய்க் கட்டப்பட்ட அந்திரேயா ஆலயத்தில் அந்த ஆராதனை நடந்தபோது, ஹாண்டலே ஆர்கன் வாசித்தார். உடன் பாடியவர்களும் வாசித்தவர்களும் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள்தான். அடுத்த சில வாரங்கள் கட்டணக் கச்சேரிகள் நடத்தித் தமக்கும் சம்பாதித்தார். அதில் தவறொன்றுமில்லை. கலைஞனுக்கும் வயிறு உண்டு.

பனிக்காலம் முடியுமுன்பே மேசியாவைத் தர்ம காரியத்துக்காக அரங்கேற்றும் ஏற்பாடுகள் தொடங்கின. அப்பொழுதுதான் தடை வந்தது. தடை செய்தவர் யார்? பரிசுத்த பேட்ரிக் பேராலயத்தின் தலைவர், "கலிவரின் பயணங்கள்" எழுதிய ஜோனத்தான் ஸ்விஃப்ட். தமது பேராலயத்துப் பாடகர்கள் பிடில்காரர் கூட்டத்தோடு சேர்ந்து பொது மண்டபத்தில் பாடக்கூடாது என்று 1742 ஜனவரியில் கடுமையாகக் கடிதம் எழுதினார். எங்களுக்குக் கடிதம் எழுதிய நண்பர்கள் துக்கப்பட வேண்டாம். அவர்கள் பெரியவர் ஒருவரின் அணியில்தான் நிற்கிறார்கள்! ஸ்விஃப்ட் அப்போது நோயினால் மனம் தளர்ந்திருந்தார். எப்படியோ பின்னர் தடை நீங்கியது. ஆனால் அவரைக் கல்நெஞ்சர் என்று எண்ணிவிடாதீர்கள். மனநோயாளிகளுக்கு மருத்துவமனை கட்டவேண்டும் என்று தம் ஆஸ்தியை எழுதிவைத்தவர் அவர். 1757ல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனை இன்றும் நடந்துவருகிறது. கச்சேரியை வெறுத்தவருக்கும் இரக்கம் இருந்தது. இரண்டையும் நாங்கள் மதிக்கிறோம்.

1742 ஏப்ரல் 13, நண்பகல். மண்டபம் 600 பேருக்கானது. இன்னும் நூறு பேர் உட்கார இடம் வேண்டும் என்பதற்காக, சீமாட்டிகள் வளையம் வைத்த அகலப் பாவாடை உடுத்தாமலும், கனவான்கள் இடுப்பில் வாள் தரிக்காமலும் வரவேண்டுமென்று பத்திரிகையில் கேட்டுக்கொண்டார்கள். 700 பேர் வந்தார்கள். இரண்டு பேராலயங்களின் பாடகர்களும், ஊர் வயலின் வித்வான் மத்தேயு டியூபர்க் தலைமையில் வாத்தியக்காரரும் இருந்தார்கள். தனிப்பாடல் பாடினவர்களில் ஒருவர் சூசன்னா சிப்பர் என்ற நாடக நடிகை. லண்டனில் வழக்கு மன்றம்வரை போன குடும்ப விவகாரத்தால் பெயர் கெட்டுப்போயிருந்தவர். மேசியா அசட்டைபண்ணப்பட்டதைக் குறித்த பகுதியை அவர் பாடக் கேட்டு, சமீபத்தில் மனைவியை இழந்திருந்த டாக்டர் டெலானி என்ற குருவானவர், தம்மை மறந்து எழுந்து, இதற்காக உன் பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்படுவதாக என்று சத்தமிட்டதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. அவர் அப்படிச் சொல்ல அதிகாரம் உண்டா என்று இறையியல் கல்லூரியில் விவாதிக்கலாம். அந்த இடத்தில் நாங்கள் இருந்திருந்தால் எங்கள் வாயும் சும்மா இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

இனிக் கணக்குக்கு வருவோம். வசூல் சுமார் 400 பவுன். ஹாண்டலும், பாடினவர்களும், வாசித்தவர்களும் அன்று ஊதியம் வாங்கவில்லை. தொகை மூன்று பங்காயிற்று. மெர்சர் மருத்துவமனைக்கு ஒன்று. ஆற்றங்கரையிலிருந்த மற்றொரு தர்ம மருத்துவமனைக்கு ஒன்று. கடனுக்காகச் சிறையிலிருந்தவர்களுக்கு ஒன்று. பங்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 127 பவுன். அதனால் 142 கடன்காரர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள்.

இந்தக் கணக்கைச் சற்று நின்று பாருங்கள். 127 பவுனை 142ஆல் வகுத்தால், ஆளுக்கு ஒரு பவுன்கூட வரவில்லை. அவ்வளவு சிறிய கடனுக்குத்தான் ஒரு மனிதன் அடைபட்டிருந்தான். அடைபட்டிருந்ததால் சம்பாதிக்க முடியாது. சம்பாதிக்காததால் கடன் தீராது. சிறைக் காவலருக்குக் கட்டணம் வேறு ஏறிக்கொண்டே போகும். அன்றைய டிக்கெட் அரை கினி, அதாவது பத்தரை ஷில்லிங். பவுனுக்கு இருபது ஷில்லிங். ஆக இரண்டு டிக்கெட் பணத்தில் ஒரு தகப்பன் வீடு திரும்பினான்.

வார்டைச் சுற்றிவரும் எங்களுக்கு இது பழைய கதையாகத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் எழுதியாயிற்று, காயமும் ஆறிவிட்டது, ஆனால் பில் கட்ட வழியில்லாமல் வராந்தாத் தூணோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். நகை ஏற்கெனவே அடகுக்குப் போயிருக்கும். மிச்சம் நிற்பது பெரும்பாலும் பெரிய தொகையாயிராது. அவர்கள் ஊருக்குப் பஸ் ஏறத்தான் உங்கள் டிக்கெட் பணம் போகிறது. கட்டடத்துக்கோ, மேடை அலங்காரத்துக்கோ அதிலிருந்து ஒரு பைசாவும் எடுப்பதில்லை. எங்கள் வாத்தியக்காரரில் பலர் கல்யாண வரவேற்புகளில் வாசித்துப் பிழைக்கிறவர்கள். இன்றிரவு வருமானத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்பதையும் நீங்கள் அறியவேண்டும்.

ஹாண்டல் அதோடு நிறுத்தவில்லை. 1750 மே முதல் தேதி, லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென்று தாமஸ் கோராம் நிறுவிய இல்லத்தின் சிற்றாலயத்தில் மேசியாவை நடத்தினார். இடமின்றித் திரும்பிப்போனவர்களுக்காக 15ஆம் தேதி மீண்டும் நடத்த வேண்டியதாயிற்று. கண்பார்வை மங்கிய பின்னும் ஆண்டுதோறும் அங்கே அது நடந்தது. 1759ல் இறந்தபோது, மேசியாவின் இசைப் பிரதி ஒன்றை அந்தப் பிள்ளைகளின் இல்லத்துக்கே எழுதிவைத்திருந்தார். டப்ளின் மெர்சர் மருத்துவமனையோ 1983 வரை நோயாளிகளைக் கவனித்து, பிறகு மூடப்பட்டது.

இன்றைய நிகழ்ச்சியின் கடைசியில் நம் பாடகர் குழு மேசியாவின் அல்லேலூயா கீதத்தைப் பாடும். அப்போது எழுந்து நிற்பது வழக்கம். இரண்டாம் ஜார்ஜ் மன்னர் எழுந்து நின்றதால் வந்த பழக்கம் என்பார்கள். அதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. ஆனாலும் நிற்பது நல்லதுதான். முழங்கால் வலிக்காக நம் ஆர்த்தோ பிரிவுக்கு வந்துபோகிற பெரியவர்கள் உட்கார்ந்தே கேட்கலாம்; ஆண்டவர் தவறாக நினைக்கமாட்டார். காணிக்கைக் கவர்கள் உங்கள் நாற்காலியின் மேல் இருக்கின்றன. தம்பிமாரே, ஆரம்பியுங்கள்.