பழைய வண்டியும் ஒரு பாடமும்



மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். நிலம் வாங்குகிறவன் வில்லங்கம் பார்க்கிறான். பானை வாங்குகிறவள் விரலால் தட்டிப் பார்க்கிறாள். ஒருவர் கைப்பட்ட பழைய மோட்டார் வண்டியை வாங்குகிறவன் எதைப் பார்க்கவேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்த நான், வேறொரு கேள்விக்கு விடை கண்டேன். அந்த விடை எனக்கு மகிழ்ச்சியும் தந்தது, வருத்தமும் தந்தது. இரண்டையும் உங்களிடம் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

நான் பல்லாண்டுகள் விஞ்ஞானம் கற்பித்துப் பின் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். 2023ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கும் என் மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அவனுக்கு இளமை முதல் ஓர் ஆசை. இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையை மடித்து வைத்துவிட்டு ஓட்டக்கூடிய பழைய விளையாட்டுக் கார் ஒன்றை வாங்கவேண்டும் என்பதே அது. அவன் மனம் வைத்தது எம்.ஜி.பி. என்னும் வண்டியின்மீது.

இந்த வண்டியின் வரலாறு சுவையானது. ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மாரிஸ் என்பவருக்கு மாரிஸ் கராஜஸ் என்ற வாணிப நிலையம் இருந்தது. அப்பெயரின் முதலெழுத்துகளே எம், ஜி என்பன. 1920களில் அதன் மேலாளராக இருந்த செசில் கிம்பர் என்பவர், சாதாரண வண்டிகளுக்கு அழகிய உடலமைத்து விற்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த மரபில் 1962இல் பிறந்தது எம்.ஜி.பி. ஆக்ஸ்போர்டை அடுத்த ஆபிங்டன் என்னும் சிற்றூரில் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. நான்கு சிலிண்டர், 1798 கன சென்டிமீட்டர் எஞ்சின், இரண்டு கார்புரேட்டர், அவ்வளவுதான். மூடியைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று ஒரு பள்ளி மாணவன்கூடச் சுட்டிக் காட்டலாம். ஆகவேதான் அதனைப் பழுது பார்க்கப் பலரும் அஞ்சுவதில்லை. உதிரிப் பாகங்களும் இன்றுவரை புதிதாகக் கிடைக்கின்றன.

நாங்கள் முதலில் பார்த்த வண்டி செக்கச் செவேலென்று மின்னியது. என் மகன் மயங்கிவிட்டான். நானோ சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்தேன். இந்த வண்டிக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது, உடலே சட்டம். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் எஃகுப் பெட்டிகள்தாம் வண்டியைத் தாங்கும் முதுகெலும்பு. அவற்றில் நீர் தங்கினால் உள்ளிருந்து துரு அரிக்கும். அரித்த இடத்தைப் பசை கொண்டு அடைத்து வண்ணம் பூசினால் கண்ணுக்குத் தெரியாது, காந்தத்துக்குத் தெரியும். எஃகு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும், பசையில் ஒட்டாது. அந்தச் சிவப்பு வண்டியின் இடப்பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு என் காந்தம் ஒட்டவேயில்லை. நன்றி கூறி வெளியே வந்தோம்.

இரண்டாவதாகப் பார்த்தது 1972ஆம் ஆண்டு வண்டி. கரும்பச்சை நிறம், பொலிவில்லை. இருக்கைத் தோல் கிழிந்திருந்தது. ஆனால் காந்தம் எங்கும் ஒட்டியது. கதவுகள் ‘டக்’ என்று சரியாகப் பொருந்தி மூடின. முதுகெலும்பு நேராயிருக்கிறது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். அதையே வாங்கினோம். கிழிந்த தோலை எளிதில் தைக்கலாம். அரித்த எலும்பை எளிதில் தைக்க முடியாது அல்லவா?

பிரிட்டனில் மூன்றாண்டு கடந்த கார்களை ஆண்டுதோறும் பரிசோதித்துச் சான்று பெறவேண்டும். ஆனால் 2018 முதல், நாற்பதாண்டு கடந்து பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லை என்பதனால் அபாயம் இல்லை என்று ஆகிவிடாது. சட்டம் கேட்காத இடத்தில் நம் மனச்சாட்சி கேட்கவேண்டும். எனவே முதல் மாதம் வண்டியை ஓட்டி மகிழ்வதை ஒத்திவைத்து, ஓடுவதைவிட நிற்பதைக் கவனித்தோம். டயர்களின் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. ஆயினும் டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் படித்தால், அது எந்த ஆண்டில் எந்த வாரத்தில் செய்யப்பட்டது என்று அறியலாம். எங்கள் டயர்களுக்கு வயது பதினைந்துக்கு மேல்! ரப்பர் இறுகிப்போயிருந்தது, நான்கையும் மாற்றினோம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, பிரேக்கின் வலிமையைக் குலைக்கும். அதையும் மாற்றினோம். 2021 முதல் அங்கே சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய காலத்து ரப்பர்க் குழாய்களுக்கு அது ஆகாது. குழாய்களையும் புதுப்பித்தோம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் உண்மையான தொல்லை தலைகாட்டியது.

ஒருநாள் மாலை, சிக்னலில் சிறிது நேரம் நின்ற வண்டி, பச்சை விளக்குக் கண்டு புறப்பட்டு இருபது கஜம் போனதும் இருமியது, திணறியது, நின்றுவிட்டது. சில நிமிடங்கள் கழித்து ஒன்றும் அறியாதது போல் ஓடியது. மறுநாள் நல்ல வெயிலில் முப்பது மைல் ஓட்டினோம். ஒரு குறையும் இல்லை. நான்கு நாள் கழித்து மீண்டும் நின்றது. பழைய வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒருவர் கார்புரேட்டர்களைக் கழுவிச் சீராக்கித் தந்தார். பயனில்லை.

அப்போது நான் தலையிட்டேன். “பெட்ரோல் வரவில்லை. பம்பு கெட்டுவிட்டது, மாற்றிவிடு” என்றேன். இந்த வண்டியில் பெட்ரோலை இறைப்பது பின்சக்கரத்தின் அருகேயுள்ள மின்சாரப் பம்பு. உள்ளே ஒரு மின்காந்தச் சுருளும் ஒரு மெல்லிய தோலும் இருக்கின்றன. சுருளில் மின்சாரம் பாயும்போது தோல் இழுபடும். மின்சாரம் அறும்போது மீளும். ‘டிக், டிக்’ என்ற அதன் ஒலி காதில் விழும். ஐம்பதாண்டுப் பம்பு பழுதடைவது இயற்கைதானே? என் மகன் மறுபேச்சின்றிப் புதிய பம்பு வாங்கிப் பொருத்தினான். இரண்டு வாரம் வண்டி அழகாக ஓடியது. நான் வெற்றிப் பெருமிதத்தோடு இருந்தேன்.

மூன்றாம் வாரம் மழை பெய்த ஒரு மாலையில், நான் அருகில் அமர்ந்திருக்க, ஒரு நாற்சந்தியின் நட்டநடுவில் வண்டி நின்றது. இடப்பக்கமிருந்து ஒரு கனரக லாரி வந்துகொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் விழிப்பாக இருந்ததனால்தான் நான் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். வீடு வந்து சேர்ந்ததும் என் மகன், “போதும் அப்பா. என் பிள்ளையை இதில் ஏற்றமாட்டேன். விற்றுவிடுகிறேன்” என்றான். “விற்றால், வாங்குகிறவனும் ஒருவனுடைய பிள்ளைதானே?” என்றேன் நான். அவன் பேசவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், ‘முதலில் நோக்கு, பிறகு குறித்துக்கொள், அதன் பிறகே முடிவு சொல்’ என்று! நான் நோக்கினேனா? குறித்தேனா? ஊகித்ததை உண்மை என்று கூறியதன்றி வேறு என்ன செய்தேன்?

மறுநாள் பதின்மூன்று வயதுப் பேரனிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தேன். போக்குவரத்துக் குறைந்த தெருக்களில் மட்டுமே ஓட்டுவது என்று முடிவு செய்தோம். நாள், நேரம், வெயிலா மழையா, எவ்வளவு தூரம், விளக்குகள் எரிந்தனவா, வண்டி நின்றதா எனக் கட்டம் போட்டு அவன் எழுதினான். பதினோரு நாள் கழிந்தன. நான்கு முறை நின்றிருந்தது. பேரன் ஏட்டை நீட்டி, “தாத்தா, நான்கு முறையும் விளக்குப் போட்டிருந்தோம். விளக்குப் போடாத நாளில் ஒருமுறைகூட நிற்கவில்லை” என்றான்.

ஆனால் மழையிலும் அந்தியிலும்தானே விளக்குப் போடுகிறோம்? குற்றவாளி விளக்கா, ஈரமா? இரண்டையும் பிரித்தாலன்றி உண்மை தெரியாது. மழையில்லாத ஒரு நண்பகலில், வீட்டு வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டோம். நான் பின்சக்கரத்தருகே குந்திப் பம்பின் ஒலியைக் கேட்டேன். ‘டிக்… டிக்…’ “விளக்கைப் போடு” என்றேன். ஒலி தளர்ந்தது. “பிரேக்கை மிதி” என்றேன். ஒலி அடியோடு நின்றது. கார்புரேட்டர்க் கிண்ணங்களில் இருந்த பெட்ரோல் தீரும் வரை எஞ்சின் ஓடிற்று. பிறகு இருமி நின்றது. சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நின்ற பிறகே வண்டி படுத்தது ஏன் என்பது அந்த நொடியில் விளங்கிவிட்டது.

ஓம் விதியைப் படித்திருக்கிறீர்கள். மோட்டார் வண்டியில் மின்சாரம் கம்பி வழியாகச் சென்று, வண்டியின் எஃகு உடல் வழியாகவே பாட்டரிக்குத் திரும்புகிறது. எங்கள் வண்டியில் பின் விளக்குகளும், பிரேக் விளக்குகளும், பம்பும் ஒரே திருகாணியின் வழியாக எஃகு உடலைச் சேர்ந்திருந்தன. அந்த இடத்தில் துரு. துரு என்றால் மின்தடை. பம்பு மட்டும் இயங்கும்போது சிறிதளவு மின்சாரமே அதன் வழியே போகிறது, இழப்புக் குறைவு. விளக்குகளும் சேர்ந்தால் மின்னோட்டம் பெருகுகிறது. அதே தடையில் மின்னழுத்த இழப்பும் பெருகுகிறது. மின்னழுத்தமானியை வைத்துப் பார்த்தோம். பாட்டரியின் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 6 வோல்ட் அந்தத் துருவிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. மிஞ்சியதைக் கொண்டு பம்பு எப்படி இயங்கும்? புதுப் பம்பு பொருத்தியபோது கம்பிகளை அசைத்ததில் தொடர்பு சற்றே சீராகியிருக்கிறது. அதனால்தான் அந்த இரண்டு வார அமைதி.

திருகாணியைக் கழற்றி, உப்புத்தாளால் எஃகு பளிச்சிடத் தேய்த்து, இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவினோம். அரைமணி நேர வேலை. பிறகு நான் இங்கிலாந்தில் இருந்தவரை அந்த வண்டி வழியில் நிற்கவில்லை. கழற்றி எறிந்த பழைய பம்பைப் பாட்டரியோடு இணைத்துப் பார்த்தேன். ‘டிக், டிக், டிக்’ என்று அது குறையேதுமின்றி இயங்கியது.

அந்த ஒலி எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. பல ஆண்டுகளுக்கு முன் என் பள்ளியில் ஒரு மாணவன் இருந்தான். முற்பகல் வகுப்புகளில் கணக்கைப் பிழையின்றிப் போடுவான். கடைசி வகுப்பில் எல்லாம் தவறாக வரும். சோம்பல் என்றேன். கண்டித்தேன். திருந்தவில்லை என்று வேறு பிரிவுக்கு மாற்றினேன். அங்கும் அப்படியே. பத்தாம் வகுப்பைத் தாண்டாமல் அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். நெடுநாள் கழித்து ஒரு பஸ் நடத்துநர் என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னார்: அவன் ஊருக்குக் கடைசிப் பஸ், எங்கள் பள்ளி மணி அடித்த ஐந்தாவது நிமிடம் புறப்பட்டுவிடும். அதைத் தவறவிட்டால் இருட்டில் ஆறு மைல் நடக்கவேண்டும். கடைசி வகுப்பில் அவன் கண் கணக்கில் இல்லை; கடிகாரத்தில் இருந்தது. பத்து நிமிடம் முன்னதாக அனுப்பியிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. பம்பை மாற்றியது போல் அவனைப் பிரிவு மாற்றினேன்.

பம்பை எடுத்துத் துடைத்து, வண்டியின் பின்பெட்டியில் உதவிக்கு வைத்துக்கொண்டோம். அந்த மாணவனை நான் எங்கே தேடுவேன்?

மாணவர்களே, உங்களில் சிலர் இயந்திரங்களோடு பழகப் போகிறீர்கள், சிலர் நோயாளிகளோடு, சிலர் என்னைப் போல் மாணவர்களோடு. ஒன்று கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுமுன், அது எப்போது கெடுகிறது, எப்போது கெடாமல் இருக்கிறது என்று ஓர் ஏட்டில் குறித்துப் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இதற்குப் பெருஞ்செலவு ஆவதில்லை. கொஞ்சம் பொறுமை போதும். அந்தக் குறிப்பேட்டை என் பேரன் எனக்கே கொடுத்துவிட்டான். அது இப்போது என் மேசைமேல் இருக்கிறது.