எண்ணும் இரு மொழியும்

நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாளில் தமிழகத்தோடு இணைந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து வந்தன. நாட்டுக்கு எல்லை வகுத்தார்கள். வீட்டுப் பேச்சுக்கு எல்லை வகுக்க யாரால் இயலும்? மேற்கே குழித்துறை, களியக்காவிளைப் பக்கங்களில் தமிழும் மலையாளமும் இன்றும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. இத்தகைய மண்ணில் ஒரு குழந்தை எண்ணக் கற்பது எங்ஙனம் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் நாஞ்சில் நாட்டில் பிறந்தவன். ஆசிரியப் பயிற்சி முடித்து, மேற்கு எல்லைப்புறத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் பணியேற்ற புதிது. முதல் வகுப்பில் மலையாளம் பேசும் வீட்டுச் சிறுவன் ஒருவன் இருந்தான். எண்ணச் சொன்னால், "ஒந்நு, ரண்டு, மூந்நு" என்று தொடங்குவான். நான் உடனே குறுக்கிட்டு, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று திருத்துவேன். மற்றப் பிள்ளைகள் நகைப்பார்கள். சில நாட்களில் அவன் வாய் திறப்பதையே விட்டுவிட்டான். "எண்ணறிவு இல்லை" என்று நான் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

ஒரு விடுமுறை நாளில் மார்த்தாண்டம் சந்தைக்குப் போயிருந்தேன். அங்கே அவன் தன் தாயின் அருகில் அமர்ந்து தேங்காய்களை எண்ணிக்கொண்டிருந்தான். பத்து ஆனதும் ஒரு குவியலாகத் தள்ளிவிட்டு, மீண்டும் தொடங்கினான். மூன்று குவியல்களும் நான்கு காய்களும் ஆயின. "முப்பத்திநாலு" என்று தாயிடம் சொன்னான். நான் அவன் கண்ணில் படாமல் திரும்பி நடந்தேன். அறிவு இல்லாதவன் அவன் அல்லன் என்பது எனக்கு அன்று விளங்கிற்று.

எண்ணுதல் என்பது யாது? ஒன்று முதல் பத்துவரை பாட்டுப்போல ஒப்பித்தல் எண்ணுதல் ஆகாது. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று பொருத்த வேண்டும். எதையும் விடலாகாது, எதையும் இருமுறை தொடலாகாது. இறுதியில் சொன்ன சொல்லே அக்குவியலின் அளவு என்று உணரவும் வேண்டும். இவை எந்த ஒரு மொழிக்கும் தனியுடைமை அல்ல. ஒரு மொழியில் இவை கைவந்த குழந்தைக்கு மறுமொழியில் தேவைப்படுபவை புதிய சொற்களே.

அச்சொற்களிலும் எளிமையும் கடுமையும் உண்டு. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும் என்று தமிழ் சொல்லிவிடுகிறது, மலையாளமும் அவ்வாறே. ஆங்கிலத்தின் "இலெவன்", "ட்வெல்வ்" என்னும் சொற்களில் பத்து ஒளிந்துகொள்கிறது. "தர்ட்டீன்" என்பதில் மூன்று முன்னே ஒலிப்பதால் 13-ஐ 31 என்று எழுதும் பிள்ளைகள் பலர். சீனக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், பத்தைத் தாண்டியபின் ஆங்கிலக் குழந்தைகளே மிகுதியாகத் தடுமாறக் கண்டனர். ஸ்பானிய மொழியில் பதினைந்துவரை தனிப்பெயர்கள். பதினாறிலிருந்தே "பத்தும் ஆறும்" என்ற முறை தொடங்குகிறது. நம் மொழியும் ஓரிடத்தில் குழந்தையை மயக்குகிறது: தொண்ணூறு என்பதில் நூறு ஒலிக்கிறது; தொள்ளாயிரம் என்பதில் ஆயிரம் ஒலிக்கிறது!

இதற்கு நான் கையாண்ட வழி எளியது. பன்னிரண்டு புளியங்கொட்டைகளை எடுத்துப் பத்தை ஒரு சிரட்டையில் இடுக. இரண்டை வெளியே வைக்க. "பத்தும் இரண்டும்" என்று குழந்தை முதலில் தன் வீட்டு மொழியில் சொல்லட்டும். பின்னர் "பன்னிரண்டு" என்க. அதன்பின் "ட்வெல்வ்" என்க. அடுத்து, கொட்டைகளை வரிசையாகப் பரப்பி, இடப்புறமிருந்து ஒரு மொழியிலும் வலப்புறமிருந்து மறுமொழியிலும் எண்ணச் செய்க. இருமுறையும் தொகை ஒன்றாகவே வருவதைக் கண்டு குழந்தை வியக்கும். சொல் மாறினாலும் எண் மாறாது என்னும் கணித உண்மையை அது தன் விரலாலேயே தொட்டறிகிறது.

அந்தச் சிறுவனை மறுநாள் அழைத்து, "மக்களே, வீட்டில் எண்ணுவதுபோலவே எண்ணு" என்றேன். அவன் என்னையும் வகுப்பையும் மாறி மாறிப் பார்த்தானேயன்றிப் பேசவில்லை. சில நாட்களில் நான் அடைத்த குரல் மீண்டும் எழ ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று. குறிப்பேட்டில் எழுதியதை அடித்துத் திருத்த எனக்கு ஒரு நிமிடம் போதியதாக இருந்தது.

மாணவர்களே, உங்களிற் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். பலர் இன்றே தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லித் தருகிறீர்கள். ஆங்கிலத்தில் எண்ணத் தெரியவில்லை என்று ஒரு குழந்தையைக் கடியுமுன், அதன் கையில் பத்துப் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, வீட்டு மொழியில் எண்ணச் சொல்லிக் கேளுங்கள். அதற்குத் தெரிந்தது எவ்வளவு என்பது அப்போது உங்களுக்குத் தெரியவரும்.